மண்ணுக்காக விண்ணை நாடியவர்

ஏழை நாடு விண்வெளிக்குப் பணம் செலவிடலாமா? செலவிட்டால் முதலில் எதைச் செய்வது? சந்திரனையும் கிரகங்களையும் தேடிப் போவதா, நாம் வாழும் பூமியை மேலிருந்து கவனிப்பதா? இக்கேள்விக்குத் தம் வாழ்வால் விடை தந்தவர் கலாநிதி விக்ரம் சாராபாய்.

1919 ஆகஸ்ட் 12 இல் அகமதாபாத்தில், துணியாலை நடத்திய செல்வக் குடும்பத்திற் பிறந்தார். கேம்பிரிட்ஜிற் கற்றார். போர்க்காலத்தில் பெங்களூரில் சர் சி. வி. இராமனின் கீழ் விண்கதிர்களை ஆராய்ந்தார். 1947 இல் கலாநிதிப் பட்டம் பெற்று, அகமதாபாத்தில் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தை நிறுவினார்.

ரொக்கெட் ஏவ அவர் இடம் தேடியபோது, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவக் கிராமம் பொருத்தமாகத் தெரிந்தது. பூமியின் காந்த மத்தியகோடு அதன் அருகாற் செல்கின்றது. ஆனால் அங்கே புனித மதலேன் மரியாள் ஆலயம் இருந்தது. பீட்டர் பெர்னார்ட் பெரெய்ரா ஆண்டகை பங்கு மக்களின் சம்மதத்துடன் ஆலயத்தையும் ஆயர் இல்லத்தையும் விட்டுக் கொடுத்தார். ஆலயம் தொழிற்கூடமாயிற்று. 1963 நவம்பர் 21 இல் முதல் ரொக்கெட் தும்பாவிலிருந்து எழுந்தது.

வல்லரசுகள் சந்திரனுக்குப் போட்டியிட்ட காலம் அது. சாராபாய் அப்போட்டியில் இறங்கவில்லை. மழை, பயிர், கல்வி ஆகியவற்றுக்கே விண்வெளி விஞ்ஞானம் முதலில் உதவவேண்டும் என்றார். கேரளத் தென்னைகளின் வாடல் நோயை ஹெலிகொப்டரிலிருந்து படமெடுத்து ஆராயச் செய்தார். செய்மதி வழியே கிராமங்களுக்குத் தொலைக்காட்சி தரத் திட்டமிட்டார். 1975 இல் ஏறத்தாழ 2,400 கிராமங்களில் அது நிறைவேறியபோது அவர் இல்லை. 1971 டிசம்பர் 30 இல், 52 வயதில், கோவளத்திற் காலமாகிவிட்டார்.

பூமியைக் கவனிக்கும் பாஸ்கரா செய்மதி 1979 இல் ஏவப்பட்டது. சந்திரனுக்கு இந்தியா கலம் அனுப்பியது 2008 இல். செவ்வாய்க்கு 2013 இல். 2023 ஆகஸ்ட் 23 இல் சந்திரனில் இறங்கிய கலத்தின் பெயர் விக்ரம். சந்திரனை அவர் வெறுத்தவரல்லர். வயலுக்குப் பின்னரே சந்திரன் என்று வரிசை வகுத்தவர்.

அவ்வரிசையின் அருமை சப்ரகமுவ மக்களுக்கு விளங்கும். 2016 மே 17 இல், கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து மக்களைப் புதைத்தது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிற் சரிவோர லயங்களில் உறங்குவோருக்கு, மழைமேகத்தைக் காட்டும் செய்மதிப் படம் உயிர்க்காவல். ஆயினும் படம் மட்டும் போதாது. எச்சரிக்கை லயத்து வாசலை நேரத்தோடு எட்டவேண்டும். எழுந்து போகப் பத்திரமான இடமும் இருக்கவேண்டும். அதுவரை சாராபாய் தொடங்கிய பணி முற்றுப் பெறாது.