தேர் செய்த தலைவர்

தூத்துக்குடி பனிமய மாதா கோவிலில் இருக்கும் தங்கத் தேர் முழுத் தங்கம் அல்ல, அடியிலே மரம்! மரத்தைச் செதுக்கி, மேலே தங்க ரேக்கு ஒட்டியிருக்கிறார்கள்.

அதைச் செய்வித்தவர் தொன் கபிரியேல் தக்ரூஸ் வாஸ் கோமஸ். முத்துக்குளித்துறைப் பரதவர்களின் சாதித் தலைவர். முத்துக்குளிப்பு வருமானத்தில் சாதித் தலைவருக்குப் பங்கு இருந்தது.

அவர் வாழ்ந்தது பொல்லாத காலம். 1799-ல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். 1801-ல் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரையின் ஆட்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். தலைவர் அவர்களுக்கு உதவினார் என்று கடற்கரை ஊர்களில் இன்றும் சொல்வார்கள். அதே ஆண்டில் கிளர்ச்சி அடங்கியது. கும்பினியின் கை ஓங்கியது.

வேறொருவராக இருந்தால் பணத்தை முடிந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பார். இவரோ தேர் வேலையில் இறங்கினார்!

மரம் அறுக்க எந்திர வாள் இல்லாத நாள் அது. பெரிய வாளை மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று இழுக்க வேண்டும். பிறகு வாய்ச்சியால் செதுக்கி உருட்டு எடுப்பார்கள். பூவுக்கும் முகத்துக்கும் சின்ன உளிகள். உளி கொஞ்சம் அகலமாகிவிட்டால் சிலையின் மூக்கு போய்விடும். ஆகவே நல்ல தச்சன் மரத்தில் கை வைக்கும் முன் உளியைத்தான் பார்த்துப் பார்த்து எடுப்பான்.

1806 பிப்ரவரி 2-ந் தேதி தேர் ஓடியது. ஊரார் அவருக்குத் தேர்மாறன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டே ஆண்டில், 1808-ல், அவர் காலமானார்.

இரண்டாம் முறை தேர் ஓடியது 1872-ல். 2023 ஆகஸ்டில் ஓடியது 16-வது முறை.