மலைக்கு மீன் கொண்டுவர முயன்ற டாக்டர்: பிரான்சிஸ் டே



கோடை விடுமுறைக்கு ஊட்டி போய்வந்தவர்களில் சிலர் லிஃப்ட் வாசலில் என்னைப் பிடித்துக் கேட்ட கேள்வி இது: “சார், அவலாஞ்சியில டிரவுட் மீன் இருக்காமே, அதை எப்படிப் பிடிக்கிறது? அதுக்கு என்ன தூண்டில் வாங்கணும்?” இன்னொரு பக்கம், பின்புறக் குளத்தில் கொசு பெருகிவிட்டது, ஏதாவது மீன் வாங்கி விடலாமா என்ற பேச்சும் நம் வாட்ஸ்அப் குழுவில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டும் வேறு வேறு சங்கதி போலத் தெரியும். இரண்டையும் ஒரே ஆளின் வாழ்க்கையில் பார்க்கலாம். அவர் இறந்து 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. உங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ‘மிஸ் கேரளா’ என்ற அழகு மீன் நீந்துகிறதா? உடலோடு சிவப்புக் கோடு ஓடுமே, அதுதான். அதை 1865-ல் முதன்முதலாக அறிவியல் உலகுக்கு விவரித்து, அன்றைய மெட்ராஸ் கவர்னர் டெனிசனின் பெயரை அதற்கு வைத்தவர் இவர்தான். பெயர் டாக்டர் பிரான்சிஸ் டே.

மருந்துப் பெட்டியோடு வந்தவர்

டே 1829-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் நிலபுலம் உள்ள குடும்பத்தில் பிறந்தார். லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் மருத்துவம் படித்துவிட்டு, 1852-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ராணுவத்தில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். அப்போது வயது 23. பட்டாளம் போகும் இடமெல்லாம் போனார். பிறகு கொச்சியில் சிவில் சர்ஜன் வேலை கிடைத்தது. அவர் வாழ்க்கை திரும்பியது அங்கேதான்.

கொச்சி எப்படிப்பட்ட ஊர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கதவைத் திறந்தால் மீன் வாசனை. டாக்டர் நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, மீன் சந்தைக்கும் வலைக்காரர்களிடமும் போய் நின்றார். வகைவகையாக மீன்களை வாங்கி, சாராயத்தில் ஊறப்போட்டு, செதிலையும் துடுப்பு முள்ளையும் எண்ணி எழுதினார். கொச்சியின் வரலாறு பற்றி 1863-ல் ஒரு நூலும், மலபார் மீன்களைப் பற்றி 1865-ல் ஒரு நூலும் வெளியிட்டார். உள்ளூர் மக்கள் ஒவ்வொரு மீனையும் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பதையும் குறித்துவைத்தார். ஒரு மீனுக்குத் தமிழில் என்ன பேர், மலையாளத்தில் என்ன பேர், தெலுங்கில் என்ன பேர் என்று அவர் நூல்களில் வரிசையாக இருப்பதை இன்றும் பார்க்கலாம்.

நீலகிரியில் ஒரு தோல்வி

வெள்ளைக்காரர்களுக்கு நீலகிரி என்றால் ஊர் நினைவு. அதே குளிர், அதே புல்வெளி, அதே ஓடை. குறைந்தது ஒன்றுதான்: ஓடையில் டிரவுட் இல்லை. தூண்டில் போட்டுப் பழகியவர்களுக்கு அது பெரிய குறை. அந்தக் குறையைத் தீர்க்க முதலில் முயன்றவர் டே. ஆண்டு 1863.

இதில் என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். டிரவுட்டின் முட்டைக்குக் குளிர்ந்த, ஓடிக்கொண்டே இருக்கும் நீர் வேண்டும். சூயஸ் கால்வாய் திறந்தது 1869-ல்தான். அதற்கு முன்பு எகிப்து வரை கப்பல், அங்கே இறங்கி ரயில், மறுபடியும் செங்கடலில் கப்பல், சென்னையில் இறங்கியபின் மலை ஏறும் வண்டிப் பாதை. வழி முழுக்க வெயில். ஐஸ் உருகினால் முட்டை செத்தது. டேயின் முயற்சி தோற்றது.

மறு ஆண்டே, 1864-ல், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்கு டிரவுட் முட்டைகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. ஈரப் பாசியில் முட்டைகளைப் பொதித்து, மரப்பெட்டியில் அடைத்து, கப்பலின் ஐஸ் அறையில் வைத்து, ஏறத்தாழ மூன்று மாதம் கொண்டுபோனார்கள். குளிர் இருந்தால் முட்டை மெதுவாக வளரும், பயணம் முடியும்வரை பொரிக்காமல் காத்திருக்கும். இதுதான் அந்த வித்தையின் அடிப்படை.

நீலகிரியில் டிரவுட் நிலைத்தது டே இறந்த பிறகுதான். 1907-ல் எச்.சி. வில்சன் என்ற மீன்வள நிபுணர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தார். வட அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த வானவில் டிரவுட் அங்கே வேர்விட்டது. நீங்கள் ஊட்டியில் கேள்விப்பட்டது அந்த மீனின் சந்ததிதான்.

சரி, எந்தத் தூண்டில்?

கேட்டவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் ஏரிக்கரையில் மூங்கில் கழி, நரம்பு, தக்கை, மண்புழு போதும். தக்கை முங்கினால் இழுக்க வேண்டியதுதான். டிரவுட்டுக்கு ‘ஃப்ளை ஃபிஷிங்’ என்ற வேறு முறை. கொக்கியில் இறகு, முடி, நூல் சுற்றிப் பூச்சி போலச் செய்வார்கள். அதுதான் ஃப்ளை. அதற்கு எடையே கிடையாது, வீசினால் காலடியில் விழும். அதனால் எடையைக் கயிற்றில் வைக்கிறார்கள். தடித்த கயிறு பறந்து போகும், பூச்சி அதன் பின்னால் போகும். டேயின் காலத்தில் கயிறு பட்டால் ஆனது, கழி மரத்தால் ஆனது. இப்போது பிளாஸ்டிக் பூசிய கயிறும் கார்பன் கழியும் வந்துவிட்டன.

புதிதாக வாங்குபவர் நினைவில் வைக்க வேண்டியவை சில. கழியிலும் கயிற்றிலும் எண் போட்டிருக்கும், இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். சிறிய மலை ஓடைக்கு 4 அல்லது 5 எண், எட்டு முதல் ஒன்பது அடி நீளக் கழி சரியாக இருக்கும். கயிற்றின் நுனியில் சுமார் ஒன்பது அடிக்கு, போகப்போக மெலியும் நரம்பு கட்ட வேண்டும், கயிற்றின் நிழல் பட்டால் மீன் ஓடிவிடும்.

ஃப்ளையைத் தேர்ந்தெடுக்கக் கடைக்காரரைக் கேட்பதைவிட ஓடையைக் கேளுங்கள். நீரில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் புழுக்களின் நிறமும் அளவும் என்னவோ, அதற்கு நெருக்கமான ஃப்ளையை எடுங்கள். மீன் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து பூச்சியைக் கவ்வினால் மட்டும் மிதக்கும் வகை. மற்ற நேரத்தில் டிரவுட் பெரும்பாலும் நீருக்கடியில்தான் இரை தேடும், அப்போது மூழ்கும் வகை. இரண்டிலும் 14, 16 எண் அளவில் பழுப்பும் சாம்பலுமாகச் சில இருந்தால் போதும். எண் கூடினால் கொக்கி சிறிது என்று அர்த்தம். முள் இல்லாத கொக்கி வாங்குங்கள், விட நினைத்த மீனைக் காயமில்லாமல் விடலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், மீன்வளத் துறையிலும் வனத்துறையிலும் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கழியை உத்திரமேரூர் ஏரிக்குக் கொண்டுவந்து டிரவுட் தேடாதீர்கள். நீர் 20 டிகிரியைத் தாண்டினாலே அந்த மீன் தவிக்கத் தொடங்கிவிடும்.

டிரவுட்டை விட்டு கெண்டைக்கு

டே தோல்வியோடு மூட்டை கட்டவில்லை. 1867-ல் அணைகள் கட்டிப் புகழ்பெற்ற ஆர்தர் காட்டனே ஒரு சந்தேகத்தை எழுப்பினார்: ஆற்றின் குறுக்கே நாம் கட்டும் அணைகள் மீனை அழிக்கின்றனவோ? கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறிவரும் உல்லம் மீன் கொள்ளிடத்தின் அணையில் முட்டி நின்றுவிடுகிறது. வங்காளிகள் உயிரைக் கொடுக்கும் ஹில்சா அதுதான். இதை விசாரிக்கும் பொறுப்பு டேயிடம் வந்தது. டாக்டர் வேலையைத் தாண்டி, மீன்தான் இனி அவருடைய முழுநேர வேலை. 1871-ல் இந்தியா முழுமைக்குமான மீன்வள இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார்.

அவர் ஆறு ஆறாக, ஏரி ஏரியாகத் திரிந்தார். கலெக்டர்களுக்கும் தாசில்தார்களுக்கும் கேள்வித்தாள் அனுப்பினார். உங்கள் பகுதியில் வலையின் கண் எவ்வளவு சிறியது? குஞ்சு மீனைப் பிடிக்கிறார்களா? நீரில் நஞ்சு கலக்கிறார்களா? மீன் கூடுகிறதா, குறைகிறதா? வந்த பதில்களை எல்லாம் சேர்த்து 1873-ல் அறிக்கை கொடுத்தார். அவர் கண்டது இதுதான்: மழைக்காலத்தில் வயலுக்கும் வாய்க்காலுக்கும் ஏறும் குஞ்சுகளைக் கூடை கூடையாக அள்ளிவிடுகிறார்கள், மதகிலும் மடையிலும் பொறி வைத்து ஒன்றையும் தப்பவிடுவதில்லை. வலைக்கண்ணுக்குக் குறைந்தபட்ச அளவு வேண்டும், நஞ்சைத் தடுக்க வேண்டும், அணையில் மீன் ஏற வழி வேண்டும் என்று கேட்டார்.

அரசாங்கம் தயங்கியது. ஏழை மக்களின் சாப்பாட்டில் கை வைப்பதாகிவிடும் என்ற அச்சமும் நியாயமான ஒன்றுதான். டே 1877-ல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897-ல் வந்தபோது அவர் இறந்து எட்டு ஆண்டு ஆகியிருந்தது.

நூலும் சண்டையும்

1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ‘இந்தியாவின் மீன்கள்’ அவருடைய பெரும் படைப்பு. 1889-ல் இரண்டு தொகுதிகளாக வந்த இன்னொரு நூலில் 1400-க்கும் மேற்பட்ட மீன் இனங்களை விவரித்தார். இன்றும் நம் நாட்டில் மீனைப் பற்றி ஆராய்பவர்கள் அவர் நூலைப் புரட்டாமல் இருக்க முடியாது. அவர் பெயரைத் தாங்கிய மீன்களும் உண்டு. கேரளக் காயல்களில் வாழும் ஒரு குட்டி மீனின் பேரினப் பெயரே டேயெல்லா.

மனிதர் சாந்த சொரூபி என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் மீன் பிரிவைக் கவனித்த குந்தருக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம். ஒருவர் வைத்த பெயரை மற்றவர் தவறென்று எழுதுவார். இதனால், பாடுபட்டுச் சேர்த்த மீன்களில் பெரும் பகுதியை லண்டனுக்குத் தராமல் 1880-களில் சிட்னியின் ஆஸ்திரேலிய மியூசியத்துக்கு விற்றுவிட்டார். நம் ஆற்று மீன்களின் மூல மாதிரிகள் பல அங்கே போய் உட்கார்ந்தது அப்படித்தான். இரண்டு பேர் வீம்பில் யார் நஷ்டப்படுகிறார்கள் பாருங்கள்!

கடைசிக் காலத்தில் மறுபடியும் பழைய ஆசைக்கே திரும்பினார். பிரிட்டனின் சால்மன், டிரவுட் மீன்களைப் பற்றி 1887-ல் ஒரு நூல் எழுதினார். 1889 ஜூலை 10 அன்று செல்டன்ஹாம் நகரில் காலமானார். வயது 60.

நம் குளத்துக்கு என்ன?

நாம் இருப்பது சாதாரண ஊர் அல்ல. பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் உத்திரமேரூரில் இருக்கின்றன. குடவோலை முறையில் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த விவரம் அதில் உள்ளது. அதில் ஒன்று ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கமிட்டி போட்ட ஊரில் நாமும் ஒரு சங்கம் நடத்துகிறோம்.

ஆகவே குளத்தில் மீன் விடும் பேச்சுக்கு வருகிறேன். வெளியிலிருந்து எதையாவது வாங்கிக் கொட்டிவிடுவது சுலபம். திலேப்பியா விட்டால் இரண்டு வருடத்தில் அதுவே குளத்தை நிரப்பிவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்க நாட்டில் தடையே இருக்கிறது. மழையில் குளம் நிரம்பி வாய்க்கால் வழியே ஓடினால், நாம் விட்டது ஏரிக்குப் போகும். ஏரியில் இருக்கும் கெண்டைக்கும் விராலுக்கும் அயிரைக்கும் அது எமன். மீன்பாசி குத்தகை எடுத்தவர் பிழைப்பிலும் மண் விழும். டே காலத்தில் டிரவுட் கொண்டுவர நினைத்தவர்கள் அந்த ஓடையில் ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்று அதிகம் கேட்கவில்லை. பட்டியல் எடுத்த டேயின் பின்னாள் வேலையே நமக்கு வழிகாட்டி: முதலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்த பொதுக்குழுவுக்கு வருமுன் ஒரு மாலை குளக்கரையில் பத்து நிமிடம் நில்லுங்கள், பிள்ளைகளையும் அழைத்துவாருங்கள். நீர்மட்டத்தை ஒட்டி, தலையில் வெள்ளிப்பொட்டு மின்னும் சின்ன மீன்கள் கூட்டமாகத் திரிவதைப் பார்ப்பீர்கள். கொசுப் புழுவை அவை விரும்பித் தின்னும். அவை குறைந்திருந்தால் காரணம் கழிவுநீராக இருக்கலாம், அதைச் சரிசெய்தால் மீன் தானாக வரும். பார்த்ததைக் குறித்துக்கொண்டு வாருங்கள். கண்ணால் பார்த்தபிறகு தீர்மானம் போடுவோம்.