தமக்குத் தாமே எழுதிய மன்னர்

டான்யூப் ஆற்றின் தென்கரையில், இன்றைய ஆஸ்திரியா நாட்டில், கார்நுண்டம் என்னும் படைவீடு முற்காலத்தில் இருந்தது. உரோமப் பேரரசின் வடவெல்லையைக் காத்த அப்பாசறையில், கி. பி. 170-ஐ அடுத்த ஆண்டுகளில், பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் தங்கிப் போரை நடத்தினார். ஆற்றுக்கு அப்பால் மார்க்கோமானியரும் குவாடியரும் திரண்டிருந்தனர். தூதரைக் காண்பதிலும், வழக்குத் தீர்ப்பதிலும், படைக்கு வேண்டுவன தேடுவதிலும் பகற்பொழுது கழியும். அவற்றிடையே கிடைத்த ஓய்வில் மன்னர் ஏடெடுத்துச் சில வரிகள் எழுதுவார். அவை அரசாணைகள் அல்ல. தம் நெஞ்சை நோக்கித் தாமே கூறிக்கொண்ட அறிவுரைகள்.

அப்பழக்கத்தின் வேர் அவருடைய இளமையிலேயே ஊன்றியது. 121-ஆம் ஆண்டில் உரோம் நகரில் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்து பாட்டனாரிடம் வளர்ந்தார். பன்னிரண்டாம் வயதில், ஞானம் நாடுவோர் உடுத்தும் முரட்டுப் போர்வையைப் போர்த்து, வெறுந்தரையில் படுக்கத் தொடங்கினார். அன்னையார் மிகவும் வற்புறுத்திய பின்னரே, தோல் விரித்த சிறு கட்டிலில் உறங்க இசைந்தார். இஃது இளமையின் மிகையான ஆர்வமே எனலாம். ஆயினும் போர்வை கழிந்த பின்னும் ஆர்வம் கழியவில்லை. ரஸ்டிகஸ் என்னும் ஆசிரியர் அவருக்கு எபிக்டீட்டஸின் அறவுரைகளைப் படிக்கக் கொடுத்தார். எபிக்டீட்டஸ் ஒருகாலத்தில் அடிமையாய் இருந்தவர். அவருடைய சொற்களை, அரியணை ஏறவிருந்த இளைஞர் தம் வாழ்வுக்கு வழிகாட்டியாகக் கொண்டார். உலகை இயக்கும் பேரறிவுக்கு இசைய வாழ்தல், எவரிடத்தும் நேர்மை வழுவாமை, துன்பத்திற் கலங்காமை ஆகிய இவையே அவர் மேற்கொண்ட உறுதி.

161-ஆம் ஆண்டில் அவர் முடிசூடினார். வெள்ளமும் பஞ்சமும் வந்தன. கீழ்நாட்டுப் போரிலிருந்து மீண்ட படையுடன் கொள்ளைநோயும் புகுந்தது. வடக்கே போர் மூண்டபோது கருவூலம் வறண்டிருந்தது. மாகாண மக்கள்மீது புதுவரி சுமத்த விரும்பாத மன்னர், அரண்மனைப் பொற்கிண்ணங்களையும் அணிகலன்களையும் அரசியின் பட்டாடைகளையும் பொதுமன்றத்தில் ஏலத்தில் விற்றார். போருக்குப் புறப்படும் வேளையில் ஏழு வயது மகனை இழந்தார். ஐந்து நாட்களே துக்கம் காத்து, அரச கடமைக்குத் திரும்பினார் என்பர்.

இத்தகைய வாழ்வில் இளமையில் கொண்ட உறுதி தானே நிலைத்திராது என்பதை அவர் அறிந்திருந்தார். அதனால் அதனை அடிக்கடி எழுதிப் புதுப்பித்தார். அன்று சந்திக்கப்போகும் நன்றி கெட்டவரையும் செருக்குடையாரையும் காலையிலேயே நினைந்து, அவரும் தம் உறவினரே என்று மனத்தைப் பதப்படுத்திக்கொள்வார். விடியலில் எழ மனமில்லாத தம் சோம்பலையும் எழுதிக் கடிந்துகொண்டார். முதற்பகுதி முழுவதும் நன்றியுரையே. பாட்டனார், அன்னை, ஆசிரியர்கள், வளர்ப்புத் தந்தை ஆகியோரிடம் தாம் பெற்ற நற்பண்புகளை அதில் நிரல்பட எழுதினார். ரஸ்டிகஸிடம் பலமுறை சினங்கொண்டதுண்டு எனவும், பின்னர் வருந்தத்தக்க செயல் எதனையும் அச்சினத்தால் செய்யாமல் தப்பியதாகவும் குறிக்கிறார். சொன்னதையே அவர் மீண்டும் மீண்டும் சொல்வதைக் காணலாம். ஒருமுறை எழுதியதால் மனம் அடங்கிவிடவில்லை என்பதற்கு அதுவே சான்று.

175-ஆம் ஆண்டில் அவ்வுறுதிக்குக் கடுஞ்சோதனை வந்தது. மன்னர் இறந்தார் என்னும் பொய்ச்செய்தி பரவவே, சிரியாவை ஆண்ட காசியஸ் தன்னைப் பேரரசனாக அறிவித்துக்கொண்டான். மூன்று திங்களுக்குள் அவனுடைய வீரரே அவனைக் கொன்று, தலையை மன்னருக்கு அனுப்பினர். அதனைக் காண மறுத்த அவர், அடக்கம் செய்யப் பணித்தார். சதியில் சேர்ந்தோரைக் காட்டும் கடிதங்களைப் படியாமலே எரிப்பித்தார் என்றும் கூறுவர்.

எனினும் குறைகளை மறைத்தல் முறையன்று. அவர் ஆட்சியில் கிறித்தவர் துன்புற்றனர். 177-இல் லியோன் நகரில் பலர் கொல்லப்பட்டனர். பின்னர்க் கொடுங்கோலனாகிய மகன் கொம்மோடஸை உடன் ஆட்சியாளனாக்கியதும் அவரே.

180-ஆம் ஆண்டு மார்ச்சு 17-இல், போர் முடியுமுன்பே, அவர் காலமானார். பிறர் படிப்பதற்கென எழுதப்படாத அவ்வேடுகள் பன்னிரண்டு பகுதிகளாக எஞ்சின. அவற்றின் மொழி கிரேக்கம். பதினாறாம் நூற்றாண்டில் அச்சேறிய அந்நூலின் கருத்துகளைத் தமிழர்க்கு இராஜாஜி எடுத்துரைத்தார்.