மான்களுக்காகப் பழி சுமந்த பேராசிரியர்

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள பேர்லிங்டன் நகரில் 1887ஆம் ஆண்டு பிறந்தவர் அல்டோ லியோபோல்ட். யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் பயின்று, 1909இல் அரிசோனாக் காடுகளிலே அரசாங்க உத்தியோகம் ஏற்றார். ஓநாய் ஒழிந்தால் மான் பெருகும், மான் பெருகினால் வேட்டைக்காரர் மகிழ்வர் என்பதே அந்நாளைய கொள்கை. இளைஞரான லியோபோல்டும் அதனை ஐயமின்றி நம்பினார், ஓநாய்களைச் சுட்டார், அவற்றைப் பூண்டோடு ஒழிக்க வேண்டுமென எழுதியும் வந்தார்.

ஆண்டுகள் செல்ல, வேறொரு காட்சி அவர் கண்ணிற் பட்டது. ஓநாயற்ற மலைகளில் மான்கள் மிதமிஞ்சிப் பெருகின. தளிரையும் இளமரங்களையும் தின்று தீர்த்தன. பின்னர் பனிக்காலத்திற் பட்டினியால் மடிந்தன.

1933இல் அவர் விஸ்கொன்சின் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அம்மாநிலத்தின் தென்பகுதியில், பழைய புல்வெளிகள் பெரும்பாலும் உழப்பட்டுப் பண்ணைகளாகியிருந்தன. அங்குள்ள கமக்காரருக்கு அவர் போதித்தது எளிய பாடமே. உணவும் மறைவிடமும் அருகருகே அமைதல் வேண்டும். சோளவயலும் புதரும் சதுப்பும் தோப்பும் ஒன்றையொன்று தொடும் ஓரங்களிலேதான் காட்டுயிர் தங்கும். வேலியோரப் புதரை வெட்டி உழுதாலும், தோப்பினுள்ளே மாடுகளை மேயவிட்டாலும் அந்த ஓரம் அழிந்துபோகும். 1935இல் தாமே விஸ்கொன்சின் ஆற்றருகே, வளமிழந்த மணற்பண்ணையொன்றை வாங்கினார். ஒதுங்குவதற்கு அங்கே எஞ்சியிருந்தது பழைய கோழிக்கூடு ஒன்றே! குடும்பத்தாருடன் ஆயிரக்கணக்கான பைன் கன்றுகளை நட்டார்; முதலில் நட்டவற்றுட் பெரும்பாலானவை வரட்சியிற் கருகின. மீண்டும் நட்டார்.

இதனிடையே மாநிலத்தின் வடபகுதிக் காடுகளிலும் மான்கள் பட்டினி கிடக்கலாயின. தொகையைக் குறைக்கப் பிணைமான்களையும் சுடுதல் வேண்டுமென லியோபோல்ட் வாதிட்டார். மானைப் பேணுவோனென எண்ணப்பட்டவர் இப்படிக் கூறினால் மக்கள் வெகுளாது என்செய்வர்? 1943ஆம் ஆண்டு வேட்டைப் பருவத்தில் ஏறத்தாழ 128,000 மான்கள் வீழ்ந்தன. கண்டனம் பொங்கியது, பழியிற் பெரும்பங்கு அவர் தலையிலேயே விழுந்தது. அடுத்த ஆண்டே பிணைமான் வேட்டை நிறுத்தப்பட்டது. மாநில இயற்கைவளப் பாதுகாப்புக் குழுவில் அங்கத்தவராயிருந்த அவரோ தம் கருத்தைச் சிறிதும் தளர்த்தவில்லை.

1948 ஏப்ரல் 21ஆம் நாள், அயற்பண்ணையிற் பரவிய புல்தீயை அணைக்கச் சென்றவிடத்தில் மாரடைப்பால் உயிர்நீத்தார். மணற்பண்ணை வாழ்வைக் கூறும் அவரது நூல் மறுவருடம் வெளிவந்தது. அதே 1949இல், கொம்பில்லா மான்களைச் சுடுவதற்கு விஸ்கொன்சின் மாநிலம் மீண்டும் அனுமதி வழங்கியது.