புனாவில் திறந்த கதவு

புனா நகரில் 1863-ம் ஆண்டு ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. கருவுற்ற விதவைகள் இரகசியமாக வந்து பிள்ளை பெறலாம். குழந்தையை விட்டும் செல்லலாம் என்றது அது. அழைத்தவர்கள் சாவித்திரிபாய் அம்மையாரும், கணவர் ஜோதிராவ் புலேயும்.

அக்காலத்தில் இளம் விதவையை உறவினரே கெடுப்பதுண்டு. பழியோ அவளுக்கு! கெடுத்தவனை யார் கேட்டார்கள்? குழந்தையைக் கொன்ற ஒருத்திக்கு அந்தமான் தண்டனை கிடைத்தது. அதுவே இவர்கள் மனத்தை உலுக்கிற்று.

பெண்களுக்குப் பள்ளி நடத்தியதற்காகத் தெருவில் சாணியடி பட்ட அம்மையார், இப்போது பிரசவமும் பார்த்தார். 1884-க்குள் 35 பெண்கள் வந்தனர். 1874-ல் ஒரு விதவைக்குப் பிறந்த யஷ்வந்தைத் தம்பதிகள் மகனாக ஏற்றனர்.

யஷ்வந்த் டாக்டரானார். 1897-ல் பிளேக் பரவியது. நோயுற்ற சிறுவன் ஒருவனைச் சுமந்துகொண்டு மகனுடைய ஆஸ்பத்திரிக்கு ஓடினார் அம்மையார். அந்நோய் அவரையும் பற்றியது. மார்ச் 10-ந் தேதி காலமானார்.