மைக்கூட்டுக் கோமாளியின் தந்தை

கீரை என்றாலே முகம் சுளிக்கும் தம்பி தங்கையரை உண்ண வைக்க, நம் அன்னையர் துணைக்கு அழைக்கும் வீரன் ஒருவன் உண்டு. ஒற்றைக் கண், வாயில் சுங்கான், புடைத்த முன்கை. பசலைக்கீரை டப்பாவை நசுக்கி விழுங்கியதும் மலையையே பெயர்த்துவிடும் மாலுமி பாப்பாய்தான் அவன். அவனை 1929ஆம் ஆண்டில் செய்தித்தாளில் முதன்முதலாக வரைந்தவர் எல்சி சீகர் என்னும் அமெரிக்க ஓவியர். ஆனால் தாளில் நின்றவனை நடக்கவும் முணுமுணுக்கவும் முரடன் ப்ளூட்டோவுடன் மல்லுக்கு நிற்கவும் வைத்தவர் வேறொருவர். மாக்ஸ் ஃபிளைஷர் என்னும் அந்தப் பெரியவரின் வாழ்வை இம்மலரில் காண்போம், தோழியரே.

மாக்ஸ் 1883ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19ஆம் நாள், அன்று ஆஸ்திரிய ஆட்சியின்கீழ் இருந்த கிராக்கோ நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை தையற்கலைஞர். மாக்ஸ் சிறு குழந்தையாக இருந்தபோதே, 1887இல், குடும்பம் கப்பலேறி நியூயார்க் சென்றது. தொடக்கத்தில் நன்றாக நடந்த தையற்கடை பின்னர் நொடித்துவிட, புரூக்ளினில் ஏழை மக்கள் வாழ்ந்த பகுதியில் அவர்கள் குடியேறினர். ஓவியமும் கற்று, இயந்திரங்களையும் பழகிய மாக்ஸ், உள்ளூர் நாளிதழ் ஒன்றில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, அங்கேயே கேலிச்சித்திரக்காரராக உயர்ந்தார். பிறகு ஓர் அறிவியல் இதழின் ஓவியப் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. பேனாவும் திருகாணியும் ஒரே கையில் பழகியதுதான் அவருடைய பிற்கால வெற்றிக்கு வித்திட்டது என்று நாம் எண்ணுகிறோம்.

அக்காலத்துக் கார்ட்டூன் படங்கள் திரையில் துள்ளித் துள்ளி அசையும். உருவங்களின் நடையில் உயிர் இராது. இதற்கு ஒரு வழி காண முனைந்தார் மாக்ஸ். உண்மையான மனிதன் ஒருவனை முதலில் படம் பிடிப்பது, அந்தப் படச்சுருளைக் கண்ணாடியின் அடியிலிருந்து ஒவ்வொன்றாக ஒளிவீசச் செய்வது, மேலே தாளை வைத்து அசைவு அசைவாக வரைந்தெடுப்பது என்று ஒரு கருவியை அமைத்தார். ரோட்டோஸ்கோப் என்று பெயர் பெற்ற அக்கருவிக்கு 1915இல் விண்ணப்பித்து 1917இல் காப்புரிமையும் பெற்றார். கோமாளி உடை அணிந்து படக்கருவியின் முன் குதித்தவர் தம்பி டேவ். பகலில் பிழைப்பு, இரவில் வீட்டுக் கூடத்தில் வரைதல் என்று சகோதரர்கள் ஏறத்தாழ ஓராண்டு பாடுபட்ட பின் கிடைத்தது ஒரு நிமிட அளவான படமே!

அந்தக் கோமாளிதான் பின்னர் கோகோ என்று புகழ் பெற்றான். ஒவ்வொரு படத்திலும் மாக்ஸ் தாமே மேசைமுன் அமர்ந்திருப்பார். பேனாவை மைக்கூட்டில் தோய்த்து ஒரு கோடு இழுப்பார். கோடு கோமாளியாகி எழும். அவன் தாளைவிட்டு இறங்கி மேசையெங்கும் ஓடி, தன்னைப் படைத்தவருக்கே தொல்லை கொடுப்பான். இறுதியில் அவனைப் பிடித்து மைக்கூட்டுக்குள் தள்ளி மூடியை அடைத்துவிடுவார். படைத்தவரும் படைக்கப்பட்டவனும் இப்படி அன்புடன் சண்டையிடும் வேடிக்கை அன்றைக்குப் புதுமை.

1921இல் சகோதரர்கள் தமக்கெனப் படநிலையம் தொடங்கினர். திரையில் பாட்டின் சொற்கள் தோன்ற, அவற்றின்மேல் ஒரு பந்து குதித்துக் குதித்துச் செல்ல, அரங்கமே சேர்ந்து பாடும் படங்களை 1924 முதல் வெளியிட்டனர். மிக்கி எலி 1928இல் வாய் திறப்பதற்கு முன்பே அவற்றுள் சில ஒலியுடன் வெளிவந்துவிட்டன. ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையைப் பொதுமக்களுக்கு விளக்கும் படம் ஒன்றையும் 1923இல் எடுத்தவர் மாக்ஸ் என்பதை நம் அறிவியல் மாணவியர் மறவாதிருப்பார்களாக.

1930இல் வந்தாள் பெட்டி பூப் என்னும் பாட்டுக்காரி. அவளுடைய குட்டைப் பாவாடையும் குறும்பும் பெற்றோரின் கண்டனத்துக்கு உள்ளாயின. இயேசு சபைக் குரு டேனியல் லார்ட் அவர்களும் பங்கேற்று 1930இல் எழுதிய திரைப்பட ஒழுக்க விதிகள் 1934 முதல் கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்தபோது, பெட்டியின் பாவாடை நீண்டது, குறும்பும் அடங்கியது. பெற்றோரின் கவலை நியாயமானதே. எனினும், குறையை நீக்கியவர்கள் அந்த இடத்தில் புதிய வேடிக்கை எதையும் வைக்கவில்லை. படங்களின் சுவை குன்றியது என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

பாப்பாய் திரைக்கு வந்தது 1933இல். அப்படங்களில் சண்டை நிறைய உண்டு. ஆனால் நம்மைச் சிரிக்க வைப்பது குத்து அன்று. குத்து விழும் முன் நிகழ்வது. கப்பல் தாளத்துக்கேற்பத் தலையாட்டும், ஆலிவின் கைகால்கள் நூடுல்ஸ் போல முறுக்கிக்கொள்ளும், பாப்பாய் தனக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே நடப்பான். அந்த முணுமுணுப்புகளைப் படம் வரைந்து முடித்த பின்பு, பார்த்துப் பார்த்துத் தம் மனம்போல் சேர்த்தவர் குரல் கலைஞர் ஜாக் மெர்சர். வினாடிக்கு 24 படம் வீதம் ஏழு நிமிடங்களுக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் ஓட வேண்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். எத்தனை பேருடைய கைகள் நொந்திருக்கும்!

நொந்த கைகள் 1937இல் வேலைநிறுத்தம் செய்தன. குறைந்த ஊதியம், நீண்ட வேலை நேரம் என்பது அவர்கள் முறையீடு. ஐந்து திங்கள் நீடித்த அந்தப் போராட்டம் தொழிலாளரைப் பிள்ளைகள்போல் எண்ணியிருந்த மாக்ஸின் மனத்தைப் புண்படுத்தியது. ஆயினும் பிள்ளைக்கும் வயிறு உண்டு என்பதை அவர் காலத்தே உணரவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. மறு ஆண்டு நிலையத்தைத் தொலைவிலுள்ள மயாமிக்கு மாற்றினார். 1939இல் கல்லிவர் கதையை முழுநீளப் படமாக்கினார்; 1941இல் சூப்பர்மேனை வானில் பறக்கவிட்டார். ஆனால் செலவு கூடியது, பாரமவுண்ட் நிறுவனத்திடம் கடன் ஏறியது. இதைவிடக் கொடுமை, அன்று கோமாளி உடையில் குதித்த தம்பி டேவும் அவரும் பேச்சை நிறுத்திக்கொண்டு, ஒரே கட்டடத்துக்குள் கடிதம் வழியே அலுவல் நடத்தினார்கள். பூச்சிகளின் வாழ்வைக் கூறும் அவர்களது அடுத்த பெரிய படம் முடிந்த வேளையில், 1941 டிசம்பரில், பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. படம் தோல்வியுற்றது. 1942 தொடக்கத்தில் நிலையம் மாக்ஸின் கையைவிட்டு முற்றிலும் நழுவியது, பெயரும் மாற்றப்பட்டது.

அப்போது அவருக்கு வயது 58. டெட்ராயிட் நகரில் பிறருடைய நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார். சிவந்த மூக்குடைய மான் ருடால்ஃபின் கிறிஸ்துமஸ் கதையை 1948இல் முதன்முதல் படமாக்கியவர் அவரே.

இனித்தான் தொலைக்காட்சி வருகிறது. பழைய பாப்பாய் படங்கள் 1956இல் தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டு, நாள்தோறும் மாலையில் அமெரிக்கச் சிறுவரை மகிழ்வித்தன. பணம் குவிந்தது, மாக்ஸின் பைக்கு வரவில்லை. பணத்தைவிடப் பெயர் போனதே அவரை வாட்டியது. தம் படங்களில் தம் பெயர் விடப்பட்டது என்று ஏற்கெனவே 1955இல் அவர் வழக்குத் தொடுத்திருந்தார், வெற்றி கிட்டவில்லை.

பழையவை விலைபோவதைக் கண்டவர்கள் புதியவற்றுக்கு விரைந்தனர். 1960 தொடங்கி இரண்டே ஆண்டுகளில் 220 பாப்பாய் படங்கள் தொலைக்காட்சிக்கெனப் பல நிலையங்களில் தயாராயின. மாக்ஸின் நிலையம் ஒன்பது ஆண்டுகளில் எடுத்தவையோ நூற்றுக்குச் சற்று மேல்தான். குரல்கள் பழைய குரல்களே. ஆனால் உருவம் நிற்கும், வாய் மட்டும் அசையும், ஒரே பின்னணி திரும்பத் திரும்ப ஓடும். அதே காலத்தில் கோகோவையும் உயிர்ப்பிக்க முன்வந்தார், முன்பு மாக்ஸிடம் பணியாற்றிய ஹால் சீகர். ஐந்து நிமிடப் படங்கள் நூறு, வண்ணத்தில். எண்பதை நெருங்கிய மாக்ஸ் ஆவலுடன் ஒத்துழைத்தார். கோமாளி வந்தான், ஆனால் சிக்கனமாகவே அசைந்தான். ஒரு நிமிடத்துக்கு ஓராண்டு உழைத்தவர் அதைப் பார்த்திருப்பாரே என்று நினைக்கையில் நம் நெஞ்சு கனக்கிறது.

ஆறுதலும் இல்லாமலில்லை. அவருடைய மகன் ரிச்சர்ட் திரைப்பட இயக்குநரானார். 1954இல் வெளிவந்த கடலடிக் கதைப் படமொன்றை இயக்க அவரை அழைத்தவர், தந்தையின் பழைய போட்டியாளர் வால்ட் டிஸ்னியே! தயங்கிய மகன் தந்தையிடம் கேட்க, அவர் மனமார இசைவு தந்தார். பின்னர் டிஸ்னி மாக்ஸைத் தம் நிலையத்துக்கு விருந்தினராக அழைத்து, அவரிடம் முன்பு வேலை பார்த்தவர்களையும் உடன் அமரவைத்து உணவளித்துச் சிறப்பித்தார். 1972 செப்டம்பரில், கலிபோர்னியாவில் திரைத்துறை முதியோர்க்கான இல்லத்தில், தம் 89ஆம் வயதில் மாக்ஸ் காலமானார்.

அதன் பின்னும் அவர் பிள்ளைகளை எவரும் சும்மா விடவில்லை. 1978இல் வந்த புதிய பாப்பாய்த் தொடரில், குழந்தைகள் கெட்டுப்போவர் என்று கைகலப்பை வெகுவாகக் குறைத்தார்கள்; குத்த முடியாத பாப்பாய் பாவம், கீரையைத் தின்றுவிட்டு என்ன செய்வான்! 1980களில் கறுப்பு வெள்ளைப் படங்களை மீண்டும் வரைந்து வண்ணம் தீட்டினார்கள். முணுமுணுப்பு அப்படியே இருக்க, அசைவுகள் பல காணாமற்போயின. 2007இல்தான் பழைய படங்கள் தூய்மை செய்யப்பட்டு, அசல் கறுப்பு வெள்ளையிலேயே, மாக்ஸின் பெயரும் துலங்க, குறுந்தட்டில் வெளியாயின.

2017இல் கனடா நாட்டுச் சகோதரர் இருவர் கப்ஹெட் என்றொரு கணினி விளையாட்டை வெளியிட்டனர். கோப்பைத் தலையுடைய இரு சிறுவர்களே அதன் நாயகர். கணினி யுகத்தில் அவர்கள் அதன் உருவங்களைத் தாளில் பென்சிலால் வரையச் செய்தார்கள். மாக்ஸின் படங்களைப் பார்த்துப் பழகியே அந்த ஆட்டத்தையும் நெளிவையும் கொண்டுவந்ததாக வெளிப்படையாகக் கூறினார்கள். அது 2022இல் நெட்ஃபிளிக்ஸ் தொடராகவும் வந்தது. நம் தம்பிமார் பலர் அதைப் பார்த்திருப்பார்கள். அடுத்த முறை அருகில் அமர்ந்து, பின்னணியில் மரமும் வீடும் தலையாட்டுகின்றனவா என்று பாருங்கள்.