மூன்றாம் முறை தேறியவர்

ஆண்டு மலருக்கு அறிஞர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு எங்கள் வேதியியல் துறைப் பேராசிரியர் பணித்தபோது, யாரைப் பற்றி எழுதுவது என்று நான் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. டாக்டர் எல்லப்பிரகடா சுப்பாராவ் என்ற பெயரை உடனே சொன்னேன். அப்பெயரை நான் பாடநூலில் படித்ததில்லை. உறக்கமில்லாத ஓர் இரவில், ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அது எனக்கு அறிமுகமாயிற்று.

எங்கள் வீடு திருவில்லிபுத்தூரில் இருக்கிறது. அக்காளை இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் கொடுத்திருக்கிறோம். மருத்துவமனைகளுக்குக் கட்டுத்துணி நெய்யும் ஊர் அது. அத்தானுக்கு அங்கே விசைத்தறியில் வேலை. அவர்கள் மகனுக்கு எட்டு வயதானபோது விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. அடிபடாமலே உடம்பில் நீலத் தழும்புகள் தோன்றின. இராசபாளையத்தில் பார்த்த மருத்துவர் மதுரைக்கு அனுப்பினார். மதுரையில் இரத்தத்தைச் சோதித்தவர்கள் சென்னைக்கு அனுப்பினார்கள். பொதிகை ரயிலில் நானும் உடன் சென்றேன். குழந்தைக்கு வந்திருப்பது இரத்தப் புற்றுநோய் என்று சென்னையில் உறுதியாயிற்று.

இந்நோய் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குணமாகக் கூடியதே என்று ஆறுதல் கூறிய மருத்துவர், மற்றொன்றையும் சொன்னார். ஒரு மருந்தாய்வு நடைபெறுகிறது, விருப்பமிருந்தால் சேரலாம், இதைப் படித்துவிட்டு நாளை முடிவு சொல்லுங்கள் என்று பல பக்கங்கள் கொண்ட தமிழ்ப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். அத்தான் அதைத் தொடவே இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளை என்பதால்தானே சோதனை எலியாக்கப் பார்க்கிறார்கள் என்று தாழ்வாரத்தில் குமுறினார். அக்காள் அழுதாள். படிவத்தைப் படிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அதில் மெத்தோட்ரெக்சேட் என்றொரு மருந்தின் பெயர் பல இடங்களில் இருந்தது. வேதியியல் மாணவன் அல்லவா! அதன் பிறப்பைக் கைபேசியில் தேடினேன். தேடிய இடத்தில் ஒரு சென்னை மாணவர் எழுந்து வந்தார். அன்றிரவு அத்தானுக்கும் அக்காளுக்கும் நான் சொன்ன அந்த வரலாற்றைப் பின்னர் நூல்களில் சரிபார்த்து இங்கே தருகிறேன்.

தோல்வியில் தொடங்கிய கல்வி

சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று, அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். பெற்றோர் ஜகந்நாதம், வெங்கம்மா. எளிய குடும்பம், ஏழு பிள்ளைகள். படிப்பில் மனம் செல்லவில்லை. காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று பதின்மூன்று வயதில் வீட்டை விட்டு ஓடினார். வழியிலேயே பிடிபட்டுத் திரும்பினார். மெட்ரிகுலேஷன் தேர்வில் ஒரு முறையன்று, இரு முறை தோற்றார். சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் முறைதான் தேறினார். அரியர் தாள்களை எண்ணி வருந்தும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் மனத்தில் இருத்துவார்களாக!

மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது துறவு அவரை ஈர்த்தது. இராமகிருஷ்ண மடத்தை நாடினார். தாயின் சம்மதமில்லாமல் துறவு கூடாது, மருத்துவம் படித்து மக்களுக்குத் தொண்டு செய் என்று அங்கிருந்தோர் வழிகாட்டினர். அவ்வாறே சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மாமனார் படிப்புச் செலவுக்கு உதவினார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அறுவைக் கூடத்துக்கும் கதராடையிலேயே சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியரின் மனக்கசப்புக்கு அது காரணமாயிற்று. முழு மருத்துவப் பட்டமாகிய எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

அந்நாளில் ஸ்ப்ரூ என்ற கொடிய வயிற்று நோய் இருந்தது. உண்ட உணவு உடம்பில் ஒட்டாது. இரத்தம் குன்றி ஆள் உருகிப்போவார். சுப்பாராவின் சகோதரர் இருவரை அது அடுத்தடுத்துப் பலிகொண்டது. அவரையும் பற்றியது, ஆயுர்வேத மருத்துவர் ஆசந்த லட்சுமிபதி அவரைக் காப்பாற்றினார். சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு மருந்து காணவேண்டும் என்ற எண்ணம் அவர் நெஞ்சில் வேரூன்றியது.

கடல் கடந்த வாழ்வு

1920-களின் தொடக்கத்தில், மாமனாரும் நண்பர்களும் தந்த பொருளுதவியோடு அமெரிக்காவின் பாஸ்டன் நகர் சென்றார். கருவுற்றிருந்த மனைவி ஊரில் இருந்தார். பிறந்த ஆண் குழந்தை சில மாதங்களிலேயே இறந்தது. தந்தை தன் மகனின் முகத்தைப் பார்க்கவே இல்லை. சில ஆண்டுகளில் திரும்பிவிடுவதாகச் சென்றவர் ஒருபோதும் திரும்பவில்லை. ஒரு பெண்ணின் நெடிய காத்திருப்பும் இம்மாமனிதரின் வரலாற்றில் சேர்ந்தே இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் பயின்றபோது வயிற்றுப்பாட்டுக்காக ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியாளாக வேலை செய்தார். நோயாளிகளின் மலக்கலங்களைக் கழுவுவதும் அப்பணியில் அடங்கும். பின்னர் சைரஸ் ஃபிஸ்கே என்பாரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். உடல் நீர்மங்களில் உள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை இருவரும் 1925-இல் வெளியிட்டனர். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்ற பெயரில் உயிர்வேதியியல் மாணவர்கள் அதை இன்றும் கற்கின்றனர். தசை இயங்கும்போது செலவாகும் பாஸ்போகிரியேட்டினை 1927-இல் கண்டனர். உயிரணுக்களின் ஆற்றல் நாணயமாகிய ஏ.டி.பி.யை 1929-இல் பிரித்தறிந்தனர். ஜெர்மனியில் லோமான் என்பவரும் அதே காலத்தில் அதைக் கண்டார். இத்தனைக்குப் பிறகும் ஹார்வர்டு சுப்பாராவுக்கு நிலையான பதவி தரவில்லை. 1940-இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்ற சிற்றூரிலிருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார்.

கீரைச் சத்தும் அதன் போலியும்

இங்கே சற்று நம் நாட்டுக்குத் திரும்ப வேண்டும். லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுமையான இரத்தசோகைக்கு ஆளாவது ஏன் என்று ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறாகிய மார்மைட்டில் உள்ள ஏதோ ஒரு சத்து அதைக் குணப்படுத்துவதை 1931-இல் அறிவித்தார். பஞ்சாலைச் சங்கொலி கேட்டு வளர்ந்த இராசபாளையத்துப் பிள்ளைகளுக்கு இச்செய்தி அந்நியமாக இராது. பத்தாண்டுக்குப் பின் அமெரிக்காவில் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். லூசி வில்ஸ் கண்ட சத்தும் அதுவே.

அதை ஆய்வகத்திலேயே செய்து காட்டும் பணியைச் சுப்பாராவின் குழு 1940-களின் நடுவில் முடித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அம்மருந்து கைகொடுத்தது. சகோதரர்கள் இறந்து கால் நூற்றாண்டுக்குப் பின் அந்த நோய்க்கு அவர் கையிலேயே மருந்து வந்தது! யானைக்கால் நோய்க்கு இன்றும் நம் நாட்டில் ஊர் ஊராக வழங்கப்படும் டி.இ.சி. மாத்திரையும் 1947-இல் அவர் தலைமையில் நடந்த ஆய்வின் பயனே.

ஆனால் என் கட்டுரைக்கு உரியது அடுத்த கட்டம். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற நோய்க்கூறு அறிஞர், இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலத்தின் உறவுப் பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, விரைந்து பெருகியதாகவே அவருக்குத் தோன்றியது. அப்படியானால் அச்சத்தைத் தடுத்தால் நோய் தளரும் அல்லவா? அதற்கு ஒரு போலிப் பொருள் வேண்டும். சுப்பாராவின் குழு அதைச் செய்து கொடுத்தது. அமினோப்டெரின் என்பது அதன் பெயர்.

அத்தானுக்கு இதைத் தறியை வைத்தே விளக்கினேன். நாடாவுக்குள் நூல் சுற்றிய தாருக்குப் பதிலாக வெறுங்குச்சியைப் பொருத்திவிட்டால் என்ன ஆகும்? நாடா ஓடும், துணி வராது. புற்றணுவும் அப்படியே. போலிச் சத்தை மெய்யென்று நம்பி ஏற்றுக்கொள்ளும். பெருக முடியாமல் நின்றுபோகும். அன்று முழுவதும் பேசாதிருந்த மனிதர் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பதினாறு குழந்தைகள்

1947 டிசம்பர் இறுதியில் அமினோப்டெரின் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. 1948 ஜூன் 3 அன்று ஃபார்பரின் கட்டுரை வெளியாயிற்று. கடுமையான நோயுற்ற பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் தணிந்தது. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து விளையாடினார்கள். எந்த மருந்துக்கும் அசையாத நோய் முதன்முதலாக அசைந்தது.

அந்தப் பிள்ளைகள் பிழைத்தார்களா என்று அத்தான் கேட்டார். நான் தயங்கினேன். அன்றைய நிலையில் பொய் சொல்வது எளிது. ஆயினும் உண்மையைச் சொன்னேன். தணிவு சில வாரங்களோ சில மாதங்களோதான் நீடித்தது. நோய் மீண்டும் வந்தது. இன்று பெற்றோரிடம் எழுத்து மூலம் பெறும் இசைவு போன்ற முறை அன்று வகுக்கப்பட்டிருக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு பிரிவும் இல்லை.

அக்கட்டுரை வெளியாகி இரண்டு மாதங்களே ஆன 1948 ஆகஸ்டில், 53-ஆம் வயதில், சுப்பாராவ் மாரடைப்பால் உறக்கத்திலேயே மறைந்தார். தம் குழுவினரின் பெயரை முன்னிறுத்தித் தாம் ஒதுங்கி நின்றவர் அவர். நோபல் பரிசு அவரைத் தேடி வரவில்லை. 1995-இல் நூற்றாண்டையொட்டி இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

ஆனால் அவர் தொடங்கி வைத்த வேலை நிற்கவில்லை. அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் அதனிடத்தைப் பிடித்தது. ஒரே மருந்து போதாதென்று கண்டவர்கள் பல மருந்துகளைச் சேர்த்தார்கள். எந்தச் சேர்க்கை நல்லது? தலைவலி தீர்ந்ததா என்று கேட்பதுபோல் இதைக் கேட்டறிய முடியாது. ஒரு தொகுதிக் குழந்தைகளுக்கு வழக்கமான சிகிச்சையும், மற்றொரு தொகுதிக்குச் சிறிது மாற்றிய சிகிச்சையும் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் கணக்கெடுக்க வேண்டும். 1950-களின் நடுவிலிருந்து அப்படி ஆய்வுமேல் ஆய்வாக ஏறிய படிகளால், இன்று வசதி மிக்க நாடுகளில் இந்நோயுற்ற நூறு குழந்தைகளில் சுமார் தொண்ணூறு பேர் பிழைக்கின்றனர்.

நம் நாடும் வாளாவிருக்கவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் நிறுவிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில், டாக்டர் சாந்தா காலத்தில், பம்பாய், டெல்லி மருத்துவமனைகளோடு சேர்ந்து 1980-களில் ஒரே சிகிச்சைத் திட்டத்தைப் பின்பற்றினார்கள். எம்.சி.பி. 841 என்பது அதன் பெயர். பிழைக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது. 2016-இல் தொடங்கிய மற்றோர் ஆய்வு சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, சண்டிகர் நகரங்களின் பெரிய நிலையங்களை ஒன்றிணைத்தது. நோய்க்கடுமை குறைந்த பிள்ளைகளுக்குக் குணம் கெடாமல் மருந்தின் நச்சுத்தன்மையைக் குறைக்க முடியுமா என்பது அதன் கேள்விகளுள் ஒன்று. ஆய்வு என்றாலே புதிய மருந்தை ஏற்றிப் பார்ப்பது என்று எண்ணியிருந்த எனக்கு இது வியப்பளித்தது.

மறுநாள் காலை

எந்தப் பிள்ளைக்கு எந்தப் பிரிவு என்பதை மருத்துவர் முடிவு செய்வதில்லை. கணினி குலுக்கலில் விழுகிறது. கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது போலவா என்று அக்காள் கேட்டாள். அதேதான் என்றேன். ஆள் பார்த்துக் கொடுத்தால் கணக்குப் பொய்த்துவிடும் அல்லவா? இரண்டு பொட்டலத்திலும் சிகிச்சை இருக்கிறது. வெறும் பொட்டலம் எதுவுமில்லை என்றும் படிவத்தைக் காட்டிச் சொன்னேன்.

மறுநாள் அத்தான் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்டார். மறுத்தால் வைத்தியத்தை நிறுத்திவிடுவீர்களா? நிறுத்த மாட்டோம், வழக்கமான சிகிச்சை தொடரும் என்றார் மருத்துவர். நடுவில் விலகலாமா? எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே விலகலாம். இரண்டில் எது நல்லதென்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது, தெரிந்திருந்தால் இந்த ஆய்வே தேவையில்லை. அந்தக் கடைசி விடைதான் அத்தானுக்குப் பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மனிதரை நம்பலாம் என்று பிறகு என்னிடம் கூறினார்.

பெற்றோர் கையொப்பமிட்டால் மட்டும் போதாது. ஏழு வயது நிறைந்த பிள்ளையின் இசைவையும் கேட்க வேண்டும் என்பது நம் நாட்டு நெறிமுறை. மருத்துவர் கட்டிலருகே அமர்ந்து எட்டு வயதுப் பையனுக்கு எல்லாவற்றையும் விளக்கினார். ஊசி வலிக்குமா என்பதே அவன் கேட்ட ஒரே கேள்வி. கொஞ்சம் வலிக்கும் என்று அவனுக்கும் உண்மையே சொல்லப்பட்டது. அவன் தலையசைத்தான்.

இப்போது அவன் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடும் கட்டத்துக்கு வந்துவிட்டான். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை. சனிக்கிழமைதோறும் நான் திருவில்லிபுத்தூரில் பேருந்தேறிச் சத்திரப்பட்டி போய், மாத்திரைகளை எண்ணி அட்டையில் குறித்துவிட்டு வருகிறேன். முடி மீண்டும் வளர்ந்திருக்கிறது, பள்ளிக்குப் போகிறான். முற்றிலும் வென்றுவிட்டோம் என்று சொல்லும் நாள் இன்னும் வரவில்லை. எந்தப் பிரிவு சிறந்தது என்பதும் முடிவாகவில்லை. அந்த விடை கிடைக்கும்போது அது வேறு ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

மாணவ நண்பர்களே! மும்முறை தேர்வெழுதிய ஒரு மாணவர் செய்த பொருளின் வழித்தோன்றல், எங்கள் வீட்டு அலமாரியில் மஞ்சள் நிற மாத்திரையாக இருக்கிறது. அவருக்கும் நமக்கும் நடுவே பெயர் தெரியாத பதினாறு குழந்தைகள் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின் வந்த ஆயிரமாயிரம் குழந்தைகளும் நிற்கிறார்கள். அறிஞர்களைப் போற்றும்போது அந்தக் குழந்தைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் சேர்த்தே நினைப்போம். நம் ஊரில் எவரேனும் அத்தகைய படிவம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி நின்றால், அருகில் அமர்ந்து படித்துச் சொல்வோம். கையொப்பமிடு என்றும் இடாதே என்றும் சொல்லாமல், உள்ளதை உள்ளபடி படித்துச் சொல்வோம். நாம் பெற்ற கல்விக்கு அதைவிட நல்ல பயன் ஒன்று எனக்குத் தோன்றவில்லை.